கைவிடலும் கைமாற்றலும்

படிக்கத் தொடங்கிய நூலைப் பாதியில் மூடிவைப்பது குற்றமா என்னும் வினா முதற்பார்வைக்கு மிக எளியதாகத் தோன்றும். சுவைக்காத உணவை ஒதுக்குவதுபோலச் சுவைக்காத நூலையும் ஒதுக்கிவிடலாம் என்று சிலர் விடை கூறுவர். எடுத்த நூலை முடிக்காமல் வைப்பது கல்விக்கு இழுக்கு என்று வேறு சிலர் கூறுவர். இவ்விரண்டு விடைகளும் இன்று நேற்றுத் தோன்றியவை அல்ல. ஈராயிரம் ஆண்டுகளாக இவை ஒன்றையொன்று எதிர்த்து வந்திருக்கின்றன. எனினும் அந்த நெடிய வழக்கின் வரலாற்றைப் பார்த்தால், ஒரு செய்தி தெளிவாகப் புலப்படும். நூலைக் கைவிடுதல் எக்காலத்திலும் ஒரே பொருளுடைய செயலாக இருந்ததில்லை. நூல் எதில் எழுதப்பட்டிருந்தது, எத்தனை படிகள் இருந்தன, யாருடைய கையில் இருந்தது என்பவற்றைப் பொறுத்து அச்செயலின் விளைவு மாறி வந்துள்ளது.

உரோமாபுரியின் இரு குரல்கள்

கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமப் பேரரசில் வாழ்ந்த மூத்த பிளினி, கிடைத்த நூலையெல்லாம் படித்தவர். எவ்வளவு மோசமான நூலிலும் பயன்படும் பகுதி ஏதேனும் இருக்கும் என்பது அவர் கொள்கை. இதனை அவருடைய மருமகனார் இளைய பிளினி தம் கடிதம் ஒன்றில் குறித்துள்ளார். அக்காலத்தில் செல்வர்களுக்கு ஏவலர் ஒருவர் நூலைப் படித்துக் காட்டுவது வழக்கம். ஒருநாள் படிப்பவர் ஒரு சொல்லைப் பிழையாக ஒலித்தார். உடனிருந்த நண்பர் அவரை நிறுத்தி மீண்டும் படிக்கச் சொன்னார். பொருள் விளங்கிற்றா என்று பிளினி அந்நண்பரைக் கேட்டார். விளங்கிற்று என்றதும், அப்படியானால் ஏன் திருப்பிப் படிக்கச் சொன்னீர், பத்து வரிகளுக்கு மேல் இழந்தோமே என்று கடிந்துகொண்டாராம். நேரத்தின் அருமையை அத்துணை உணர்ந்தவரே எந்த நூலையும் ஒதுக்க மறுத்தார் என்பது எண்ணத்தக்கது. ஏறத்தாழ 2,000 சுவடிகளைப் படித்து 20,000 செய்திகளைத் திரட்டியதாகத் தம் 'இயற்கை வரலாறு' நூலின் முன்னுரையில் அவர் கூறுகிறார். அவர் படித்த சுவடிகளுட் பல பின்னாளில் மறைந்தன. அவற்றின் செய்திகள் அவருடைய தொகுப்பில் மட்டுமே எஞ்சின.

அதே நூற்றாண்டில் வாழ்ந்த செனெக்கா இதற்கு நேர்மாறாகப் பேசினார். நூல்களின் பெருக்கம் மனத்தைச் சிதறடிக்கும், தேர்ந்த சில ஆசிரியர்களிடமே நிலைத்திருத்தல் வேண்டும், மாற்றம் வேண்டுமாயின் முன்பு படித்தவரிடமே திரும்புதல் நன்று என்று லூசிலியசுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் அறிவுரை கூறினார். முன்னவர் எதையும் விடாதே என்றார். பின்னவர் பலவற்றைத் தொடாதே என்றார். இருவருக்கும் பொதுவான அச்சம் ஒன்று உண்டு. அது மனித வாழ்நாள் குறுகியது என்னும் அச்சமே.

அவ்வச்சம் தமிழ் மண்ணிலும் ஒலித்தது. கல்விக்குக் கரையில்லை, கற்பவருக்கோ நாட்கள் சில, ஆதலின் நீரொழித்துப் பாலுண்ணும் அன்னம்போல ஆராய்ந்து கற்க வேண்டும் என்பது நாலடியார் காட்டும் நெறி. ஆகவே விடுதல் என்பது கல்விக்குப் பகையன்று, கல்வியின் ஒரு கூறே என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

ஏட்டுக் காலத்துக் கைவிடல்

ஆயினும் ஓலைச்சுவடிக் காலத்தில் விடுதலுக்கு இருந்த விலை மிகப் பெரிது. பனையோலை நெடுங்காலம் நிற்பதன்று. வெப்பமும் ஈரமும் மாறிமாறி வரும் இந்நாட்டில் சில நூற்றாண்டுகளுக்குள் செல்லும் பூச்சியும் அதனைத் தின்றுவிடும். ஏடு சிதையுமுன் ஒருவர் அதனைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதினால்தான் நூல் வாழும். எழுதுவதற்கு ஒருவர் முன்வர வேண்டுமாயின், அதனைப் படிக்க விரும்புபவர் இருத்தல் வேண்டும். எனவே ஒரு தலைமுறை முழுதும் ஒரு நூலை விருப்பமின்றி ஒதுக்கி வைத்தால், அடுத்த தலைமுறைக்கு அந்நூல் இல்லாமலே போய்விடும். அக்காலத்தில் நூலை அழிக்கத் தீ வேண்டியதில்லை. படிப்பாரற்ற நிலையே போதுமானதாக இருந்தது.

ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் இவ்வாறு மறைந்தவை. வளையாபதியில் இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 70 பாடல்களே. அவற்றுட் பெரும்பாலானவை புறத்திரட்டு என்னும் தொகைநூலால் கிடைத்தவை. பெயர் தெரியாத ஒரு தொகுப்பாசிரியர் நீதி கூறும் பாடல்களை மட்டும் பொறுக்கி எடுத்தார். அவர் விட்டவை போயின, எடுத்தவை நின்றன. குண்டலகேசியின் நிலை இன்னும் வியப்பானது. அந்தப் பௌத்த காப்பியத்தின் வாதங்களை மறுப்பதற்கென்றே எழுந்த சமண நூல் நீலகேசி. அந்நூலும் அதன் உரையுமே குண்டலகேசியின் போக்கை ஓரளவு நமக்கு அறிவிக்கின்றன. உடன்பாடில்லாத நூலையும் ஊன்றிப் படித்த எதிரியால் அந்நூலின் நிழலாவது காக்கப்பட்டது. அதனைப் புறக்கணித்தவர்களால் அவ்வளவும் காக்கப்படவில்லை.

1887ஆம் ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பித்த சி.வை.தாமோதரம்பிள்ளை, சுவடியின் கட்டை அவிழ்க்கும்போதும் ஏட்டைப் புரட்டும்போதும் அது ஒடிந்து உதிரும் அவலத்தை அதன் பதிப்புரையில் உருக்கமாக எழுதியுள்ளார். சுவடி தேடிச் சென்ற உ.வே.சாமிநாதையரும், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டதையும், ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டதையும் கேட்டு நெஞ்சம் நைந்தார். அச்செயல்களைச் செய்தவர்கள் நூலைப் பகைத்தவர்கள் அல்லர். படிக்க இயலாத ஏட்டுக்கு மரியாதையான முடிவு தருவதாகவே அவர்கள் எண்ணினர். தம் குடும்பத்தில் எவரும் இனி இதனைப் படிக்கப் போவதில்லை என்ற முடிவுக்கு அவர்கள் வந்திருந்தனர். அந்த முடிவே நூல்களின் முடிவாயிற்று.

அச்சு தந்த உரிமை

மேலைநாட்டில் நூலை மனம்போல் ஒதுக்கும் உரிமையைத் தயக்கமின்றி அறிவித்தவருள் தலையாயவர் பிரெஞ்சுக் கட்டுரையாளர் மோன்தேன். 1571இல் பொதுப்பணியிலிருந்து ஒதுங்கித் தம் மாளிகைக் கோபுரத்தில் ஏறத்தாழ 1,000 நூல்களுடன் அமர்ந்தவர் அவர். 1580இல் வெளிவந்த கட்டுரைத் தொகுதியில் நூல்களைப் பற்றித் தனிக்கட்டுரை ஒன்று உண்டு. கடினமான இடம் வந்தால் ஓரிரு முறை முயன்று பார்ப்பதாகவும், பிடிபடாவிடில் அதனுடன் மல்லுக்கு நிற்பதில்லை என்றும், ஒரு நூல் சலித்தால் வேறொன்றை எடுப்பதாகவும் அதில் கூறுகிறார். உலகம் போற்றிய சிசெரோவின் முன்னுரைகளும் வரையறைகளும் தமக்குச் சலிப்பூட்டுகின்றன என்று ஒளிக்காமல் சொன்னார். முடித்த நூல்களின் இறுதியில், முடித்த நாளையும் அதைப்பற்றிய தம் கருத்தையும் குறித்து வைக்கும் பழக்கமும் அவருக்கு இருந்தது.

மோன்தேனுக்கு இத்துணிவு எங்கிருந்து வந்தது? அவர் பிறப்பதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பாவில் அச்சுக்கலை வேரூன்றிவிட்டது. சிசெரோவை அவர் மூடிவைத்தால் சிசெரோவுக்கு ஒன்றும் நேராது. நூற்றுக்கணக்கான படிகள் வேறு நூற்றுக்கணக்கான கைகளில் இருந்தன. அவருடைய சலிப்பு அவருடைய சொந்தச் சலிப்பு மட்டுமே. நூலின் உயிரை அது தொடவில்லை. நூலைக் கைவிடும் உரிமை அச்சுக்கலை வாசகனுக்கு அளித்த கொடை என்றே சொல்லலாம்.

ஆங்கில அறிஞர் சாமுவேல் ஜான்சன் இவ்வுரிமையை முழுமையாகப் பயன்படுத்தியவர். 1773இல் ஒருவர் புதிய நூலொன்றைக் குறிப்பிட்டு, முழுவதும் படித்தீரா என்று வினவியபோது, நீர் நூல்களை முழுவதுமா படிக்கிறீர் என்று அவர் சினத்துடன் திருப்பிக் கேட்டதை பாஸ்வெல் எழுதிவைத்துள்ளார். தொடங்கிய நூலை முடித்தே தீரவேண்டும் என்ற அறிவுரையைப் பிறிதொருமுறை அவர் எள்ளினார். அறிமுகமானவர் அனைவருடனும் ஆயுள் முழுதும் உறவாடுவேன் என்று உறுதி பூணுவதற்கு அதனை ஒப்பிட்டார். ஆனால் அதே ஜான்சன் மில்டனின் 'இழந்த சொர்க்கம்' பற்றி 1779இல் எழுதியது ஆழ்ந்து நோக்கத்தக்கது. மனித அறிவின் படைப்புகளுள் அதனை மிக உயர்ந்த இடத்தில் வைத்தார் அவர். உடனே, அதனைக் கீழே வைத்த வாசகன் மீண்டும் எடுக்க மறந்துவிடுகிறான் என்றும், அது இன்னும் நீண்டிருக்கக் கூடாதா என்று எவரும் ஏங்கியதில்லை என்றும் எழுதினார். நூலின் பெருமையும் வாசகனின் களைப்பும் ஒருங்கே உண்மையாக இருத்தல் கூடும் என்பதை அவர் மறைக்கவில்லை. எனக்குச் சலித்தது என்பதும் இது தாழ்ந்தது என்பதும் வேறுவேறு கூற்றுகள்.

1992இல் பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக், வாசகனுக்குரிய பத்து உரிமைகளைப் பட்டியலிட்டபோது, நூலை முடிக்காமல் விடும் உரிமையை மூன்றாவதாக வைத்தார். மோன்தேன் தனிமனிதராகத் துய்த்ததை அவர் பொதுவுரிமையாக்கினார்.

கும்பகோணத்தில் ஒரு வியாழக்கிழமை

மேலைநாட்டு வரலாறு இவ்வாறிருக்க, தமிழகத்தில் ஒரு நூலின் வாழ்வும் சாவும் ஒரு வாசகரின் பொறுமையில் தொங்கிய நிகழ்ச்சி ஒன்று உண்டு.

1880ஆம் ஆண்டு அக்டோபர் 21, வியாழக்கிழமை. கும்பகோணம் கல்லூரியில் அவ்வாண்டுதான் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். யாரிடம் பாடம் கேட்டீர்கள் என்ற வினாவிற்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெயரைக் கூறியும் முதலியாரின் முகத்தில் மலர்ச்சி தோன்றவில்லை. என்னென்ன படித்தீர்கள் என்று கேட்டார். அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், உலாக்கள், புராணங்கள் என ஐயர் அடுக்கினார். இவற்றால் என்ன பயன் என்ற பொருள்பட முதலியார் வினவினார். கம்பராமாயணத்தைச் சொல்லியும் அவர் நிறைவடையவில்லை. இவற்றிற்கெல்லாம் முற்பட்ட சீவகசிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் ஆகியவற்றைப் படித்ததுண்டா என்று கேட்டார். நூல்கள் கிடைக்கவில்லை, கிடைத்தால் படிக்கத் தயங்கேன் என்றார் ஐயர். பின்னர் முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணியின் கையெழுத்துப்படியை அவரிடம் கொடுத்தார்.

அந்நூல் ஐயருக்கு எளிதில் இன்பம் தரவில்லை. மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட அக்காப்பியம் சமண சமயக் கருத்துகளும் குறியீடுகளும் நிறைந்தது. சைவ மடத்துப் பாடத்திட்டத்தில் வளர்ந்தவருக்கு அவை முற்றிலும் புதியவை. நச்சினார்க்கினியர் உரை துணைசெய்வதற்கு மாறாக மேலும் திகைக்க வைத்தது. அவர் மேற்கோளாகக் காட்டிய அடிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று பல இடங்களில் விளங்கவில்லை. தாம் தமிழில் நிறையப் படித்துவிட்டதாக நம்பிய ஒருவருக்குத் தம் மொழியிலேயே ஒரு நூல் பிடிபடவில்லை என்பது எளிய அனுபவமன்று.

நூலை மூடிவிடுவதற்கு அவருக்குப் போதிய காரணங்கள் இருந்தன. மரபும் அதற்குத் துணைநின்றது. சோழ மன்னன் சிந்தாமணியைச் சுவைத்துக் கேட்டபோது, அந்நூலை விடுத்துச் சிவனடியார் வரலாற்றைக் கேட்குமாறு சேக்கிழார் அறிவுறுத்தினார் என்றும், பெரியபுராணம் அதனால் எழுந்தது என்றும் சேக்கிழார் புராணம் கூறுகிறது. ஆதலின் சிந்தாமணியைக் கைவிடுவது சைவ மரபில் வளர்ந்தவருக்குக் குறையாகாது.

ஐயர் மூடவில்லை. கும்பகோணத்திலேயே வாழ்ந்த சமணர்களைத் தேடிச் சென்றார். அறிஞர்கள் பலர் மறந்துவிட்ட அந்நூல் அவர்கள் வீட்டில் ஓதவும் கேட்கவும் பெறும் உயிருள்ள நூலாக இருந்ததைக் கண்டார். ஒரு சாராருக்கு இருளாக இருந்தது இன்னொரு சாராருக்கு அன்றாட விளக்காக இருந்தது. ஐயங்களை அவர்களிடம் கேட்டுத் தெளிந்தார். உரையாசிரியரைப் பற்றியும் இத்தகைய செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. நச்சினார்க்கினியர் முதலில் எழுதிய சிந்தாமணியுரையைச் சமணர்கள் ஏற்கவில்லை என்றும், பிறகு அவர்களிடமே சமயநூல் பயின்று மீண்டும் உரை வரைந்தார் என்றும் அது கூறும்.

உரையிலிருந்த மேற்கோள்களின் மூலத்தைத் தேடிய தேடலே அவரைப் பத்துப்பாட்டுக்கும் எட்டுத்தொகைக்கும் இட்டுச் சென்றது. திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளில் அம்மேற்கோள்கள் முழுப்பாடல்களாகக் கண்முன் நின்றன. 1887இல் சிந்தாமணி அச்சேறியது. 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் தொடர்ந்தன. மணிமேகலையில் பௌத்தக் கருத்துகள் அவரை மீண்டும் தடுத்தன. அவற்றைப் பேராசிரியர் மளூர் ரங்காசாரியரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே அந்நூலை வெளியிட்டார்.

இந்நிகழ்ச்சியில் பெரிதும் பேசப்படாத பங்கு இராமசாமி முதலியாருடையது. அவரிடம் நூல் இருந்தது, அதன்மீது ஆர்வமும் இருந்தது. அதனை விளக்கவல்ல ஒருவரைத்தான் அவர் தேடினார். தமக்கு முழுதும் எட்டாத நூலைப் பெட்டியில் பூட்டாமல், எட்டக்கூடியவர் இவர் என்று கண்டு அவர் கையில் கொடுத்தார். அது கைவிடலன்று, கைமாற்றல். அன்று அவர் அதனைச் செய்யாதிருந்தால் தமிழிலக்கிய வரலாறு வேறுவழியில், நிச்சயமாக மெதுவாக, நடந்திருக்கும்.

நன்னூல் தரும் அளவுகோல்

எந்த நூலை விடலாம், எதனுடன் போராட வேண்டும் என்பதற்குத் தமிழில் ஓர் அளவுகோல் இல்லாமலில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை வகுத்துள்ளது. அவற்றை நூலாசிரியனுக்குக் கூறிய எச்சரிக்கையாகவே பெரும்பாலும் கற்பிக்கின்றனர். வாசகன் கையில் கொடுத்தாலும் அவை சிறந்த கருவியாகும். கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை ஆகியவை படிப்பவனைச் சலிப்படையச் செய்யும் குறைகள் அல்லவா? தொடக்கத்தில் செறிந்து, போகப்போக மெலிந்து, இறுதியில் ஒன்றுமில்லாமல் முடியும் நூலை வாசகன் இடையில் நிறுத்துவதில் தவறில்லை. நிறுத்தும்போது இன்ன குற்றத்தால் நிறுத்தினேன் என்று அவனால் பெயரிட்டுச் சொல்ல முடிய வேண்டும். பெயரிட முடியாத சலிப்பு நூலின் குற்றமாக இல்லாமல் வாசகனின் பயிற்சிக் குறைவாகவும் இருக்கலாம்.

அதனையும் அப்பாயிரம் அறியும். ஒருமுறை கேட்டதனால் நூல் வசப்படாது, இரண்டாம் முறை கேட்டால் பிழை குறையும், மூன்றாம் முறை கேட்டால் பிறர்க்கு எடுத்துரைக்கும் ஆற்றல் வரும் என்று மாணாக்கன் நெறியைக் கூறுகிறது. குற்றம் நூலினது எனில் விடுக, குறை தன்னது எனில் மீண்டும் கேட்க என்பதே இரண்டையும் இணைத்துப் பார்த்தால் கிடைக்கும் தெளிவு. ஐயர் சிந்தாமணியில் தடுமாறியபோது தடை நூலில் இல்லை, தம் அறிவின் எல்லையில் இருக்கிறது என்று கண்டுகொண்டார். அக்காட்சியே அவரைக் காத்தது.

இரங்கநாதனாரின் விதிகள்

இவ்வரலாற்றின் அடுத்த படியும் தமிழகத்திலேயே அமைந்தது. 1892இல் சீர்காழியில் பிறந்த சீ.இரா.இரங்கநாதன் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். படிப்பவர் வரவின்றி அமைதி உறைந்த அந்த அறை அவருக்குச் சில நாட்களிலேயே சலித்துவிட்டது. பழைய ஆசிரியப் பணிக்கே திரும்ப விரும்பிக் கல்லூரி முதல்வரை அணுகினார். முதலில் இலண்டன் சென்று நூலகப் பயிற்சி பெற்று வருக, பிறகு முடிவு செய்யலாம் என்று அவருக்கு அறிவுறுத்தப்பட்டது. இலண்டனில் மக்கள் நூலகங்களைப் பயன்படுத்தும் பாங்கைக் கண்டபின் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தாம் எடுத்த பணியையே முதல் பக்கத்தில் மூடிவிட இருந்தவர்தாம் உலக நூலகவியலின் தந்தையருள் ஒருவரானார்.

1931இல் சென்னை நூலகச் சங்க வெளியீடாக வந்த அவருடைய 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' இவ்வழக்கிற்கு ஒரு தீர்ப்பை உள்ளடக்கியிருக்கிறது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கேற்ற நூல் உண்டு என்பது ஒரு விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கேற்ற வாசகர் உண்டு என்பது இன்னொரு விதி. வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது மற்றொன்று. இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், பொருந்தாத நூலை வாசகர் விடலாம் என்பது பெறப்படும். அதே வேளையில், அவர் விட்ட நூலை அதற்குரியவரிடம் சேர்க்கும் கடமை எவரேனும் ஒருவருக்கு உண்டு என்பதும் பெறப்படும். முதலியார் தனியொருவராக 1880இல் செய்ததை இரங்கநாதன் ஒரு நிறுவனத்தின் அறமாக்கினார். 1948இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறிய பொது நூலகச் சட்டம், அவ்வறத்தை ஊர்தோறும் கொண்டுசெல்ல வழிவகுத்தது.

நிறைவாக

இன்று ஓலை இல்லை. ஒருவர் மூடிவைப்பதால் ஒரு நூல் அன்றே அழிவதும் இல்லை. ஆதலின் விடும் உரிமை முன்னெப்போதையும்விட விரிந்துள்ளது. ஆயினும் முந்நூறு படிகளே அச்சாகி, நண்பர்களிடையே பகிரப்பட்டு, இரண்டாம் பதிப்புக் காணாமல் மறையும் கவிதைத் தொகுதியின் நிலை ஓலைச்சுவடியின் நிலையிலிருந்து வெகு தொலைவில் இல்லை. அத்தகைய நூலைப் பெற்றவர் பத்துப் பக்கத்தில் ஒதுக்கினால், அந்நூலுக்குக் கிடைக்கவிருந்த வாசகருள் ஒருவர் குறைந்தார் என்பது பொருள்.

அதற்காகச் சுவைக்காத கவிதையைச் சுவைத்ததாகப் பொய்யுரைக்க வேண்டுவதில்லை. அது கவிஞருக்குச் செய்யும் நன்மையும் அன்று. மோன்தேனைப் போல ஓரிரு முறை முயன்று பார்க்கலாம். நன்னூலாரைப் போலக் குற்றத்தைப் பெயரிட்டு அறியலாம். குற்றம் காண இயலவில்லை, ஆனால் மனம் ஒன்றவும் இல்லை என்றால், இராமசாமி முதலியாரைப் போல அந்நூலை இன்னொருவர் கையில் கொடுக்கலாம். ஒருவர் விட்ட நூலை மற்றொருவர் எடுத்துப் படித்து, அவர் கண்டதை அனைவர்க்கும் சொல்லும் இடமாகவே இலக்கிய வட்டங்கள் தோன்றின. பத்துப்பேர் கூடிப் படிக்கும் இடத்தில் ஒன்பது பேர் மூடிய நூலுக்கும் பத்தாமவர் ஒருவர் இருக்கிறார். சிந்தாமணிக்கு வேண்டியிருந்தவரும் அத்தகைய ஒருவரே.